உடையாத மாதா

பெற்ற பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் செபம் சொல்லியே சாகவிட்டவள் நான். ஊருக்கே தெரியும். சினிமாவில் காட்டினார்கள் அல்லவா?

நடந்தது வேறு. என் மகன் ராபர்ட்டுக்கு அப்போது ஒன்பது வயது. டெங்கு. காய்ச்சல் கண்ட மறுநாள் காலையில் விருத்தாசலத்தில் காட்டினேன், மதியத்துக்குள் பாண்டிச்சேரியில் சேர்த்தேன். காரை ஓட்டியவன் பக்கத்து வீட்டுப் பிரவீன்குமார். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் நான் செபமாலை உருட்டியதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினான். மூன்றாம் நாள் ராபர்ட் போய்விட்டான். எங்கள் வழக்கப்படி அந்தச் செபமாலையை அவன் கையில் சுற்றிப் பெட்டியை மூடினோம். பிரவீன்குமார் என் பக்கத்தில் நின்று தேம்பித் தேம்பி அழுதான்.

அப்புறம் சென்னைக்குப் போய் டைரக்டர் ஆனான். அவனுடைய முதல் படத்தில் என்னைப் போலவே பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை பார்க்கும் கிறிஸ்தவத் தாய் ஒருத்தி வருகிறாள். பெயர்கூட என் பெயரேதான், கிரேசி. மாற்ற நேரமில்லை போலிருக்கிறது. காய்ச்சலில் துடிக்கும் பிள்ளையைக் கோயிலில் கிடத்திவிட்டு மூன்று நாள் முழந்தாளில் நிற்கிறாள். பங்குச் சாமியார் மூக்கால் ‘மை சைல்ட்’ என்கிறார். கிரேசி மூச்சுக்கு மூச்சு ‘ஸ்தோத்திரம்’ என்கிறாள். அது பெந்தெகொஸ்தேக்காரர்கள் சொல்வது. நாங்கள் ஆர்.சி. கத்தோலிக்கர்கள், எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பிள்ளை செத்ததும் செபமாலையைச் சூளைக்குள் எறிகிறாள். தியேட்டரில் விசில் பறந்ததாம். விருதும் கொடுத்தார்கள்.

செபமாலையை எறிந்ததைக்கூட விட்டுவிடலாம். பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருத்தி, “ஒரு ஊசி போட்டிருந்தா புள்ள பொழச்சிருக்குமேம்மா” என்றாள். என் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். அவருடைய தங்கை பிரின்சி போனில், “நெசமா உடனே தூக்கிட்டுப் போனீங்களா அண்ணி?” என்று கேட்டாள். அன்றைக்கு என் வயிறு எரிந்த எரிச்சலுக்கு ஒரு சூளை பொம்மை வெந்திருக்கும்.

கூட வேலை பார்க்கும் பெரியம்மாள் அக்காவுக்கு என் கோபம் தெரியும். “கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிடு கிரேசி” என்றாள். அநியாயம் செய்தவன் மேல் பிராது எழுதி மணவாளநல்லூர் கோயிலில் கட்டினால் சாமியே விசாரிப்பார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

“வேதக்காரி பிராத அவரு எடுப்பாராக்கா?”

“அவரு என்னா சாதி சர்ட்டிபிகேட்டா கேக்கறாரு?”

நான் போகவில்லை. விசாரணை, வாய்தா என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

காத்திருக்கவும் தேவைப்படவில்லை. இரண்டாவது படத்தை நம்ம ஊரிலேயே எடுக்கிறேன் என்று பிரவீன்குமார் பட்டறைக்கே வந்து நின்றான்.

“நல்லா இருக்கீங்களாக்கா? படம் பாத்தீங்களா? உங்கள நெனச்சுதான் எடுத்தேன்.”

“பாத்தேன் தம்பி” என்றேன்.

“ஒன்றரை அடியில மாதா சொரூபம் நாலு வேணும்க்கா. கிளைமாக்ஸ்ல ஹீரோ கல்லுல போட்டு உடைக்கிறாரு. உங்க கையால செஞ்சாதான் அதுல உயிர் இருக்கும்.”

உயிர் இருக்கும், உடைக்க. சரி என்று சொல்லி டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

பொம்மைக்கு மண்கூழை அச்சில் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டு, மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவோம். அச்சை ஒட்டி மெல்லிசாய் ஓடு நிற்கும், உள்ளே காலி. தொட்டால் உடையும். நான் கவிழ்க்கவில்லை. இரண்டு விரல் தடிமன் ஏறும்வரை மேலே மேலே ஊற்றினேன். ஈரச் சாக்கு போர்த்தி மூன்று வாரம் நிழலில் காயவிட்டு, பொம்மைக்கு வைக்கும் சூட்டைவிட அதிகம் வைத்துச் சுட்டேன். ஏழு ஊற்றியதில் மூன்று வெடித்துப் போயின. நான்கு இரும்பாக நின்றன.

மணிமுத்தாற்றுப் பக்கம் கோயில் செட். சொரூபங்களை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். சினிமாவில் தலை காட்டும் ஆசையில் எங்கள் கோயில் பங்கு ஜனங்களில் பாதிப்பேர் அங்கே கூட்டமாக நின்றார்கள். ஹீரோ சொரூபத்தைத் தூக்கியதும் திகைத்தார்.

“என்னங்க, இவ்ளோ கனமா இருக்குது?”

“மாதா கனமாத்தாங்க இருப்பாங்க” என்றேன்.

வசனத்தைப் பேசிவிட்டுக் கல்தரையில் போட்டார். கல் சில்லு பெயர்ந்தது. மாதா புரண்டு படுத்தாள். இரண்டாவதைக் கொடுத்தார்கள். அதுவும் அப்படியே. கூட்டத்தில் யாரோ ‘மரியே வாழ்க’ என்று ஆரம்பிக்க, மூன்றாவது உருண்டபோது முக்கால்வாசிப் பேர் முழந்தாளில் இருந்தார்கள். ஹீரோ கையைத் துடைத்துக்கொண்டு, “எனக்கு வேணாம் சார், வீட்ல புள்ளகுட்டி இருக்குது” என்று கேரவனுக்குள் போய்விட்டார். பிரவீன்குமாருக்கு வெறி. நாலாவதைத் தானே தூக்கி அடித்தான். அது எகிறி அவன் முழங்கால் எலும்பிலேயே விழுந்தது. அவன் நொண்டிக்கொண்டு சுற்றியதை நான் கண்குளிரப் பார்த்தேன்.

சாயங்காலத்துக்குள் ‘உடையாத மாதா’ எல்லார் போனிலும் இருந்தாள். படம் நின்றுபோனது. சொரூபங்களில் ஒன்றைப் பட்டறை வாசலில் வைத்து மாலை போட்டார்கள், மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். “கிரேசியோட விசுவாசத்துக்குத்தான் மாதா எறங்கி வந்திருக்காங்க. போயும் போயும் இவளையா தப்பா பேசினோம்” என்றார்கள். பிரின்சி போன் செய்து அழுதாள். பங்குச் சாமியார் பிலோமின்ராஜ் மட்டும், “இது என்னம்மா?” என்று கேட்டார். “எனக்கென்ன தெரியும் சாமி” என்றேன். பொய்தான். ஆனால் பத்து நாள் நிம்மதியாகச் சோறு இறங்கியது.

பதினோராம் நாள் நல்லூரிலிருந்து வளர்மதி என்றொருத்தி வந்தாள். தோளில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் கையில் சிவப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளை எனக்கு நன்றாகத் தெரியும்.

“ஆஸ்பத்திரில காட்டினியா?”

“காட்டினேங்க. ரத்த அணு கொறையுது, உடனே பாண்டிக்குப் போன்னாங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க. ஒம்போது நாளு மாதா காலடியில போட்டு வெக்கிறேன். உங்களுக்கு எறங்குனவங்க எனக்கு எறங்க மாட்டாங்களா?”

“இது நான் தடிமனா ஊத்துன மண்ணுடி. அதிசயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவன்மேல இருந்த ஆத்திரத்துல செஞ்சேன். கெளம்பு” என்றேன்.

சுற்றி நின்றவர்கள் கேட்கவில்லை. “எவ்ளோ அடக்கம் பாரு கிரேசிக்கு” என்றாள் ஒருத்தி. வளர்மதி குழந்தையைச் சொரூபத்தின் அடியில் துண்டு விரித்துப் படுக்க வைத்தாள்.

உள்ளே போய்ச் சம்மட்டியை எடுத்து வந்தேன். என் மாதாவே என்று ஒரு தரம் சொல்லிக்கொண்டு ஓங்கி அடித்தேன். முதல் அடிக்கு அசையவில்லை. அத்தனை நன்றாகச் செய்திருந்தேன், பாவி. ஜனங்கள் அலறினார்கள், யாரோ என் முடியைப் பிடித்து இழுத்தார்கள். நாலாவது அடியில் பிளந்தது. ஒரு துண்டை எடுத்து வளர்மதியின் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

“பாரு, எவ்ளோ தடிமன் பாரு! கல்லுல போட்டா எப்படி ஒடையும்? புள்ளையத் தூக்குடி!”

தூக்கினாள். பெரியம்மாள் அக்கா ஆட்டோவைக் கூப்பிட்டு அவளோடு தானும் ஏறிக்கொண்டாள். சுற்றிலும் இருபது போனையாவது என் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்கள்.

மறுநாள் பெரியம்மாள் அக்கா பாண்டியிலிருந்து பேசினாள். ரத்தம் ஏற்றுகிறார்களாம், குழந்தை கண் விழித்து இட்லி கேட்டதாம். பட்டறை மூலையில் உட்கார்ந்து நான் அழுது தீர்த்தேன். ஊரில் அதற்குள் பேச்சு மாறியிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த கிரேசி கடைசியில் மாதாவையே உடைத்துவிட்டாள் என்று வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. படத்தில் காட்டியது சரிதான் என்று கீழே ஆயிரம் பேர் எழுதியிருந்தார்கள்.

சாயங்காலம் பிரவீன்குமார் கூப்பிட்டான்.

“அக்கா, படம் திரும்ப ஆரம்பிக்குதுக்கா. நீங்க உடைக்கிற வீடியோவ அப்படியே கிளைமாக்ஸ்ல வெச்சுக்கட்டுமா?”

“வெச்சுக்க. எதுக்கு ஒடச்சேன்னும் வெய்யி. அந்தப் புள்ளையையும் காட்டு.”

“அது வேணாம்க்கா. அது வந்தா சீன் நிக்காது.”

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவன் குலம் விளங்காது என்றேன், எடுக்கிற படமெல்லாம் பெட்டிக்குள்ளேயே மக்கிப் போகும் என்றேன். ராபர்ட்டின் பெயரைச் சொல்லிச் சபித்தேன். அவன் ஒரு வார்த்தை பேசாமல், போனையும் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். ரெக்கார்டு செய்துகொண்டிருக்கிறான் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.