வெள்ளை வெளேர் நோட்டு

நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். கறையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. அந்தப் பாழாய்ப்போன கைதான் என் மகளுக்கு எமனாக வந்தது.

மூன்றாம் வகுப்புக் கணக்கு டீச்சர் அவள் நோட்டில் சிவப்பு மையால், "ஒரே கிறுக்கல்!" என்று எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஓரங்களில் இருந்த குட்டிக் குட்டி எண்களையும் அம்புக்குறிகளையும் ரப்பரால் தேய்த்தேன். விடைகளை மட்டும் விட்டுவைத்தேன். நோட்டு பளிச்சென்று ஆனது. எனக்கு என்ன பெருமை, போங்கள்!

இன்று காலை டீச்சர் எங்களை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"விடை மட்டும் இருக்கு, வழியைக் காணோம். யாரையோ பார்த்து எழுதியிருக்கா. நாளையிலிருந்து பின்தங்கின பிள்ளைங்க பிரிவு. கூட்டல்லேர்ந்து ஆரம்பிக்கட்டும்."

"யாரைப் பார்த்து எழுதுவா டீச்சர்? வீட்ல நானும் அவளும்தான். எனக்குக் கணக்கு வந்தா நான் ஏன் போர்வை துவைக்கிறேன்? வழியெல்லாம் எழுதியிருந்தா. நான்தான் அழிச்சேன்."

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு," என்று சிரித்தபடி பிரிவு மாற்றும் படிவத்தை எடுத்தார்.

வெட்கமாவது மானமாவது! கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஒரே ஒரு கணக்கு கொடுங்க. உங்க முன்னாலயே போடட்டும்."

36 × 25 என்று ஒரு தாளில் எழுதித் தள்ளிவிட்டு, அவர் படிவத்தை நிரப்பத் தொடங்கினார். மகள் குனிந்து ஓரத்தில் எழுதினாள். 36, அம்புக்குறி, 18, அம்புக்குறி, 9. பக்கத்தில் 25, 50, 100. கீழே 900. அடிப்பாவி! போர்வையை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடிப்பேனே, நீளம் பாதியாகும், கனம் இரட்டிப்பாகும், அதே கணக்கு! இதையா நான் ஒரு நாள் முழுக்க அழித்தேன்?

"டீச்சர், பாருங்க!"

அவர் நிமிர்வதற்குள் மகள் பையிலிருந்து ரப்பரை எடுத்து ஓரத்தைத் தேய்த்துவிட்டாள். தாளில் 900 மட்டும் இருந்தது.

"மறுபடியும் வெறும் விடை. குருட்டு அதிர்ஷ்டம்," என்று டீச்சர் கையெழுத்துப் போட்டார்.

"அழிக்காதடீ!" தொண்டை கிழியக் கத்தினேன்.

அவள் நடுங்கிப்போனாள். இன்னும் ஏதோ அழுக்கு மிச்சமிருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, அந்த 900ஐயும் அவசர அவசரமாகத் தேய்த்து, தாளை என்னிடம் நீட்டினாள்.

"இப்ப சுத்தமாயிடுச்சாம்மா?"