பலகை தட்டும் சத்தம்

தடதடவென்று கீழே பூங்காவில் எழுந்த சத்தத்தில் தையல்காரம்மாவின் கை நழுவி, மிஷின் ஊசி பட்டென்று ஒடிந்தது. கூரை மேல் கல் கொட்டுவது போன்ற சத்தம். தினமும் கேட்பதுதான், ஆனால் இந்த அளவுக்கு என்றும் கேட்டதில்லை.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ஊஞ்சல்களுக்கும் சறுக்குமரத்துக்கும் அப்பால், ஸ்கேட் போர்டு ஓட்டுவதற்கென்று கட்டிய கான்கிரீட் குழி. அதன் அடியில் அவள் மகன் மல்லாந்து கிடந்தான். சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாரும் தங்கள் பலகைகளின் வாலைத் தரையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி நாளில்கூட விட மாட்டார்களா?

கதவோரம் அவன் பெட்டி கட்டித் தயாராக நின்றது. இருட்டுவதற்குள் அவன் அப்பா கார் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். பிரிந்து போனவர் வேறு ஊரில் வீடு வாங்கி, மாடியில் பையனுக்கென்று தனி அறையும் ஒதுக்கியிருந்தார். "யார்கூட இருக்கணும்னு நீயே முடிவு பண்ணு" என்று இருவரும் சொன்னபோது, அவன் தரையைப் பார்த்துக்கொண்டே "அப்பா" என்றான். ஏன் என்று இவள் கேட்கவில்லை. ஒற்றை அறை, நூல் குப்பை, ராத்திரி பகலாகக் கடகடக்கும் மிஷின். இதில் கேட்க என்ன இருக்கிறது?

அவன் முதன்முதலில் அந்தக் குழிக்குள் இறங்கிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பொத்தென்று விழுந்தான். உடனே இந்தத் தடதட. விழுந்தவனைப் பார்த்துக் கொக்கரிக்கிறார்கள் என்று நினைத்தவள் சட்டென்று ஜன்னலைச் சாத்திவிட்டாள். தான் அவமானப்படுவதைப் பெற்றவள் பார்த்தாள் என்று தெரிந்தால் பிள்ளை கூனிக் குறுகிப் போவான் அல்லவா? அன்றிலிருந்து சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்துவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு மேலே வருவான். "இன்னிக்குப் பாத்தியாம்மா?" என்பான்.

"இல்லடா, வேல தலைக்கு மேல கெடக்கு. கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

ஒவ்வொரு நாளும் அதே கேள்வி, அதே பொய். போகப் போக அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். புண் ஆறிவிட்டது என்று அவளும் நிம்மதியானாள்.

இன்றைக்குப் பொறுக்க முடியவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு படிகளில் தடதடவென்று இறங்கினாள். நாலு பேர் பார்க்கத் தன் பிள்ளைக்காகச் சண்டை போட்டால் அவன் மனசு மாறாதா என்ற நப்பாசையும் கூடவே இறங்கியது. ஊஞ்சல் ஆட்டிக்கொண்டிருந்த அம்மாக்கள் அவள் வந்த வேகத்தைப் பார்த்து ஒதுங்கினார்கள்.

நேராகப் போய், தாடையில் பிளாஸ்டர் ஒட்டியிருந்த ஒரு பெண்ணின் பலகையைப் பிடுங்கினாள்.

"விழுந்தவனைத் தூக்கி விடத் துப்பில்ல, தட்டித் தட்டிச் சிரிக்கிறீங்களா? உங்களுக்கெல்லாம் வீட்ல சொல்லிக்குடுக்க ஆளே இல்லையா? இவனுக்குப் பேரு வேற வெச்சிருக்கீங்களாமே, பல்லின்னு!"

"அம்மா, விடும்மா" என்றான் மகன், குழிக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்தபடி.

"நீ சும்மா இருடா. இத்தன நாள் நான் வாய மூடிட்டு இருந்ததே தப்பு."

அந்தப் பெண் முழித்தாள். "ஆன்ட்டி, யாரு சிரிச்சா? நாங்க கை தட்டுனோம்."

"கையா இது? பலகையப் போட்டு இந்த அடி அடிக்கிறீங்க."

"ஒரு கையில போர்டு இருக்கும்ல ஆன்ட்டி, எப்படிக் கை தட்டுறது? அதான் போர்டையே தட்டுவோம். இங்க எல்லாரும் அப்படித்தான். நல்லா ஓட்டுனாத் தட்டுவோம், தைரியமா எறங்கி விழுந்தாலும் தட்டுவோம். இவனுக்குத்தான் நெறயத் தட்டியிருக்கோம். அந்தச் செங்குத்துச் சுவத்துல இவன மாதிரி யாராலயும் ஒட்டிக்கிட்டுப் போக முடியாது. பல்லின்னா சும்மாவா?"

"நான்கூட ட்ரை பண்ணேன். தவளைன்னு பேரு வெச்சுட்டாங்க" என்றான் பின்னாலிருந்து ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

தையல்காரம்மா பிடுங்கிய பலகையைத் திருப்பிக் கொடுத்தாள். அது கீழே விழுந்து, தானாக உருண்டு ஓடியது. பிள்ளைகள் ஒவ்வொருவராக மணல் தொட்டிப் பக்கம் நகர்ந்தார்கள். அவள் குழியின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தாள். மகன் ஏறி வந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

"நான் பாக்கலன்னு சொன்னதெல்லாம் பொய்டா. ஒவ்வொரு தடவையும் ஜன்னல்லதான் நின்னேன். இவங்க தட்டுறதக் கேட்டதும் சாத்திருவேன். உனக்கு அசிங்கமா இருக்குமேன்னு..."

"எனக்கா?"

"உனக்குத்தான். வேற யாருக்கு?"

அவன் காலணியின் நாடாவை அவிழ்த்தான், திரும்பக் கட்டினான். "உனக்கு அசிங்கமா இருக்குன்னு நெனச்சேன்" என்றான், குரல் எழும்பாமல்.

பூங்கா வாசலில் ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவன் எழுந்தான். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அவள் அவன் சட்டை நுனியைப் பிடித்தாள். அவளே தைத்த சட்டை.

"போகாதடா. இனிமே ஜன்னலச் சாத்தவே மாட்டேன். மிஷினத் தூக்கி ஜன்னலோரமாப் போட்டுக்கறேன். நீ ஓட்டுறத நாள் பூரா பாக்கறேன்."

அவன் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் நகராமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பாகிட்ட வரேன்னு சொல்லிட்டேன்மா."

"அந்தப் பெரிய வீட்டுக்காகத்தான போற? சொல்லு, நான் தாங்கிக்கறேன். நான் செய்யாதது என்னத்த அவர் உனக்குச் செஞ்சுட்டாரு?"

அவன் மெதுவாக அவள் விரல்களைச் சட்டையிலிருந்து விலக்கினான்.

"ஒண்ணும் செய்யலம்மா. ஒரே ஒரு நாள் வந்தாரு, இதே எடத்துல உக்காந்து நான் விழுந்து விழுந்து எந்திரிச்சதக் கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தாரு."