ஏட்டையாவின் கணுக்கால் பட்டை

என் வீட்டுக்காரர் தங்கசாமி போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காக்கிச் சட்டையைத்தான் கழற்றினார், சந்தேகத்தைக் கழற்றவில்லை. பால்காரர் சீக்கிரம் வந்தால் ஏன் சீக்கிரம் என்பார், தாமதமாக வந்தால் ஏன் தாமதம் என்பார். இந்த மனிதரோடு குடித்தனம் நடத்துவதும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதும் ஒன்றுதான்.

போன சீசனில் நான் சொன்னதைக் கேட்காமல், உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு பழைய குற்றால அருவியில் குளிக்கப் போனார். பாறையில் வழுக்கி வலது கணுக்கால் உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் பாதம் பலகை மாதிரி விறைத்துப்போனது. தென்காசியில் எங்கள் வீடு மாடியில். கீழே மூசா பரோட்டாக் கடை வைத்திருக்கிறார். செங்குத்தான படியில் இவர் எப்படியோ ஏறிவிடுவார். இறங்கும்போதுதான் கணுக்கால் மடங்காது. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து வருவார்.

சென்னையிலிருக்கும் மகன் முத்துச்செல்வம் இதைப் பார்த்துவிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டான். “ஆவணி பிறக்கதுக்குள்ள அப்பா நின்னு படியிறங்கணும். இல்லைன்னா வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் எங்கூட வந்துருங்க.”

 மகன் வீட்டு ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும். எனக்கு ஜன்னலைத் திறந்தால் மலை தெரிய வேண்டும், சாரல் முகத்தில் அடிக்க வேண்டும். நான் போக மாட்டேன்.

அவனே ஒரு பட்டையும் வாங்கி அனுப்பினான். கணுக்காலில் மாட்டிக்கொள்வது. உள்பக்கம் ரப்பர் குமிழ்கள், பக்கவாட்டில் இறுக்குவதற்கு ஒரு திருகு. மாட்டிக்கொண்டு, சுவருக்கு எதிரே குதிகாலைத் தூக்காமல் நின்று, முழங்கால் சுவரைத் தொடும்வரை தள்ளித் தள்ளி எடுத்தால் குமிழ்கள் அழுத்திப் பிசைந்து விறைப்பை இளக்கும். நம் காலை நாமே பிடித்துவிடுவதுதான். அதிர்வு கொடுக்க ஒரு சின்ன மோட்டாரும் உண்டு. போட்டவுடன் பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது.

அந்த விளக்கில்தான் வினை பிடித்தது.

“ஏட்டி உமா, இது எதுக்கு மினுக்குது?”

“சார்ஜ் இருக்குன்னு காட்டுதோ என்னமோ.”

“ஜாமீன்ல விடுதவனுக்குக் கால்ல இப்படித்தான் மாட்டுதாங்க. எங்க போறான், எங்க வாறான்னு மேப்ல தெரியும்.” குரலைத் தாழ்த்தினார். “நான் மறுபடி அருவிக்குப் போறேனான்னு ஒம் மவன் வேவு பாக்குதான்.”

சிரித்துத் தொலைத்தேன். அது தப்பாகிவிட்டது. அதன்பிறகு காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். பட்டையைப் போட்டுப் பயிற்சி செய்கிறார் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு வாரம் கழித்து முத்துச்செல்வம் போன் செய்தான். “என்னப்பா, ஐந்தருவில நல்லா தண்ணி விழுதாமே?”

இவர் முகம் மாறியது. போனை வைத்ததும் தொடையில் தட்டினார். “மாட்டுனான்லா!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சீசன் நேரத்தில் தென்காசிக்காரனிடம் யார் பேசினாலும் முதல் கேள்வி அதுதானே. சாவு வீட்டுக்கு வந்தவர்கள்கூடக் கேட்பார்கள்.

அன்று சாயங்காலம் கீழே இறங்கினேன். மூசா பரோட்டா வீசிக்கொண்டிருந்தார். தூக்கிக் கட்டிய கைலிக்குக் கீழே, கணுக்காலில் பச்சை விளக்கு மினுக்கியது.

“மதினி, ஏட்டையாதான் போட்டுக்கிடச் சொன்னாவ,” என்றார் மூசா தயங்கியபடி. சீசனுக்கு ஐந்தருவியிலும் அவருக்கு ஒரு கடை உண்டு. தினமும் காலையில் போய்வருவார். “அங்கன போகும்போது கழட்டவே கூடாதுன்னாவ. எதுக்குன்னு கேட்டேன், விசாரணைன்னாவ. ஆனா ஒண்ணு மதினி, நின்னு நின்னு மரத்துப்போன காலு இப்ப நல்லா மடங்குது.”

பொறி வைத்திருக்கிறார் மனிதர்! பெற்ற பிள்ளைக்கே!

மாடிக்கு வந்து தொண்டை வலிக்கக் கத்தினேன். அவர் அசையவே இல்லை. “பட்டை ஐந்தருவிக்குப் போச்சு, அவன் ஐந்தருவியைக் கேக்கான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” பட்டையை வாங்கிவந்து காலடியில் வைத்தேன். தொடவில்லை. மறுநாளே அது மூசா காலுக்குப் போய்விட்டது.

ஆடி முடிந்தது. முத்துச்செல்வம் வந்தான். “இறங்குங்கப்பா.”

இவர் கைப்பிடியைப் பிடித்து ஒரு படி கீழே காலை வைத்தார். பாதம் மடங்கவில்லை. உடம்பு ஆடியது. முகம் வெளிறி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மூசா டீ கொண்டுவந்தார். தம்ளர்களை வைத்துவிட்டு, எதையும் பிடிக்காமல் தடதடவென்று இறங்கிப் போனார்.

இறங்கிப்போகும் மூசாவின் காலில் மினுக்கிய விளக்கை மகன் பார்த்துவிட்டான். “பட்டை ஏன் அவர் கால்ல இருக்கு?”

நான்தான் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்பா, அதுல மோட்டாரும் பேட்டரியும்தான் இருக்கு. வேற ஒண்ணும் கிடையாது.”

இவர் தன் வெறும் கணுக்காலைத் தடவிக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

“கெளம்பும்மா. மூணு டிக்கெட் போட்டிருக்கேன்.”

“ஒரு டிக்கெட்டைக் கேன்சல் பண்ணு. என் காலு நல்லாத்தான் மடங்குது,” என்றேன். அவர்கள் முன்னாலேயே கைப்பிடியைத் தொடாமல் படியிறங்கி, மூசாவிடம் பட்டையைக் கேட்டு வாங்கி, மேலே ஏறிவந்து அவர் மடியில் போட்டேன்.

குற்றவாளியைப் பார்ப்பது மாதிரி என்னை உற்றுப் பார்த்தார். அப்புறம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். “திருகு எந்தப் பக்கம் இறுக்கணும்?” சொல்லிக்கொடுத்தேன். மாட்டிக்கொண்டே ரயிலேறினார்.

இப்போது தினமும் சென்னையிலிருந்து போன் வருகிறது. எடுத்ததும் முதல் கேள்வி.

“உமா, குற்றாலத்துல தண்ணி விழுதா?”

“அது விழட்டும். முழங்கால் சுவரைத் தொட்டுட்டா?”

“இன்னும் நாலு விரக்கடை இருக்கு.”

குரல் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவரோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவள் நான். “போனை முத்துச்செல்வத்துட்ட குடுங்க,” என்கிறேன். “அவன் அளந்து சொல்லட்டும்.”