மச்சானும் மைக்கும்

அவர்கள் இரண்டு பேருக்கும் பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒருவர் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர். இன்னொருவர் அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் வர்ணிப்பவர். வர்ணனையாளர் கட்டியிருந்தது ஆட்டக்காரரின் கூடப்பிறந்த அக்காவை என்பதால், சண்டை மைதானத்தோடு நிற்காமல் சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்துவிட்டது.

ஆட்டக்காரரை எல்லோரும் குச்சி என்பார்கள். ஆறே கால் அடி உயரம், ஒட்டடை அடிக்கலாம் போன்ற உடம்பு. வர்ணனையாளருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது அவரோடு சேர்ந்து ஆடிய பழைய கூட்டாளிகள். தூக்கத்தில்கூட அவர் வாய் மூடாது என்று சத்தியம் செய்தவர் குச்சிதான். ஏழு வருஷம் ஒவ்வொரு போட்டிக்கும் ஒரே அறையில் தங்கி, பக்கத்துக் கட்டிலில் படுத்தவராயிற்றே. அந்தப் பழக்கத்தில்தான் ரேடியோ குச்சியின் வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்தார், அக்காவைப் பார்த்தார், மாமாவானார்.

முதுகு வலி முற்றி ஆட்டத்தை விட்ட பிறகு ரேடியோ மைக்கைப் பிடித்தார். வர்ணனை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரே ஒரு சங்கடம், மச்சான் ஆடும்போதும் பேசியாக வேண்டும். சொந்தக்காரன் என்று பூசி மெழுகுகிறான் என யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அவருக்கு உள்ளூர ஒரு பயம். அதனால் மற்றவர்களை ஒரு வார்த்தை சொன்னால் குச்சியை இரண்டு வார்த்தை சொல்வார். குச்சியும் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "வீட்ல அக்கா பேச விடறதில்ல, அங்கயாவது பேசட்டும்" என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு போட்டி எல்லாவற்றையும் கெடுத்தது. கடைசி நாள், கடைசிக் குழி. பந்துக்கும் குழிக்கும் நடுவே நாலு அடி. உருட்டிவிட்டால் கோப்பை குச்சிக்கு. குச்சி குட்டை மட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். தலை வலது தோள் பக்கம் சாய்ந்தது. அடித்தார். பந்து குழியின் இடது ஓரத்தைக்கூடத் தொடாமல் போயிற்று. மேலே கண்ணாடி அறையிலிருந்து ரேடியோவின் குரல் நாடு முழுவதும் கேட்டது.

"பாருங்க, தலையைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கிறார். குழியை நேருக்கு நேர் பார்க்கவே பயம். கை நல்லாத்தான் இருக்கு. மனசுதான் ஓடிப்போயிடுச்சு."

அந்தப் பதினைந்து விநாடியை யாரோ வெட்டி எடுத்துப் பரப்பிவிட்டார்கள். உடை மாற்றும் அறையில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்த குச்சி, அடுத்த பெஞ்சில் ஒருவர் போனில் அதைப் போட்டுச் சிரிப்பதைக் கேட்டார். அதற்குப் பிறகு போகிற இடத்தில் எல்லாம் அதே பேச்சு. விமான நிலையத்தில் பெட்டியைச் சோதித்தவர்கூட, "என்ன சார், மனசு திரும்பி வந்துடுச்சா?" என்று கேட்டார்.

குச்சி சண்டை போடவில்லை. மாமாவின் நம்பரைப் போனிலிருந்து அழித்தார், அவ்வளவுதான். ஆட்டம் முடிந்து பேட்டி என்றால், மைக் ரேடியோ கையில் இருந்தால் வேறு வழியாகப் போய்விடுவார். அக்காவைப் பார்க்க வீட்டுக்கு வருவார். வாசலில் மாமாவின் கார் வழியை மறித்து நிற்கும். மாமாவும் பக்கத்திலேயே நிற்பார்.

"அக்கா, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, வண்டியைக் கொஞ்சம் எடுக்கணும்னு."

"ஏங்க, வண்டியை எடுக்கணுமாம்."

"உன் தம்பிகிட்ட சொல்லு, சாவி மேல இருக்கு, எடுத்துட்டு வரேன்னு."

ஒரு வருஷம் இந்தத் தபால்காரி வேலையைப் பார்த்து அக்காவுக்கு அலுத்துப்போயிற்று. இந்த வீட்டில் இனி கோல்ஃப் என்ற பேச்சே வரக்கூடாது என்று சட்டம் போட்டாள். டிவியில் அந்த அலைவரிசையையே எடுத்துவிட்டாள். எந்தப் பதினைந்து விநாடிக்காக இத்தனை ரகளையோ, அதை அவள் பார்த்ததும் இல்லை, பார்க்க விரும்பியதும் இல்லை.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். கண்ணைச் சோதித்து அளவு எழுதுவதும் அவளேதான். ஒரு நாள் காலையில், படிக்கும் கண்ணாடி வாங்க வந்த பெரியவர் ஒருவர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தெளிவாகத் தெரிகிறதா என்று போனில் எதையோ போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சூப்பராத் தெரியுதும்மா. இந்தக் கூத்தைப் பாத்திருக்கீங்களா? மனசு ஓடிப்போன ஆளு."

போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். வேறு வழியில்லாமல் அக்கா பார்த்தாள். பார்த்தவள் போனைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். மறுபடி கேட்டாள். ஐந்தாவது தடவை பெரியவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"அவ்வளவு சிரிப்பா இருக்காம்மா?"

"இல்லைங்க. இது என் தம்பி."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல உயரங்க" என்றார்.

பெரியவரை அனுப்பிவிட்டு அக்கா கடையை மதியமே பூட்டினாள். வீட்டுக்குப் போய் அலமாரியிலிருந்து பழைய ஆல்பங்களை இறக்கித் தரையில் பரப்பினாள். பள்ளிக்கூட வகுப்புப் படம், கல்லூரி அடையாள அட்டை, அவளுடைய கல்யாணப் படம். எல்லாவற்றிலும் தம்பியின் தலை வலது தோள் பக்கம் கொஞ்சமாகச் சாய்ந்திருந்தது. வகுப்புப் படத்துக்கு நின்றபோது போட்டோக்காரர், "தலையை நேரா வைடா" என்று மூன்று தடவை கத்தியதாகத் தம்பி வந்து சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒயிலுக்காகச் சாய்க்கிறான் என்று அன்றைக்கு வீட்டில் எல்லோரும் கேலி செய்திருந்தார்கள்.

போன் போட்டாள். "நாளைக்குக் கடைக்கு வா."

"மாமா இருப்பாரா?"

"மாட்டார். வா."

மறுநாள் குச்சி சோதனை நாற்காலியில் முழங்காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்தார். அக்கா ஒரு கண்ணை மூடினாள், மறு கண்ணை மூடினாள். பிறகு ஒரு பேனாவைப் படுக்கை வாக்கில் பிடித்து, மெல்லக் கீழே இறக்கிக்கொண்டு போனாள்.

"தலையை ஆட்டாம பாரு. எத்தனை பேனா?"

"ஒண்ணு."

"பொய் சொல்லாத."

குச்சி சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையைப் பார்த்தார். "ரெண்டு" என்றார்.

"எத்தனை நாளா?"

"நாலு வருஷம் இருக்கும். கீழ பார்த்தாத்தான் அப்படி. ஒண்ணு மேல ஒண்ணு, கொஞ்சம் கோணலா. பந்து ரெண்டாத் தெரியும். எது நிஜம்னு யோசிச்சு யோசிச்சு அடிப்பேன். சில நாள் சரியா வாய்க்கும்."

"கண்ணாடிக் கடைக்காரியோட தம்பிடா நீ. என்கிட்டச் சொல்லத் தோணலையா?"

"முதல்ல ஆட முடியாதுன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். அப்புறம் சண்டை வந்துடுச்சு. உன்கிட்டச் சொன்னா அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும்."

அக்கா துடைத்துவைத்திருந்த கண்ணாடி வில்லைகளை எடுத்து மறுபடி ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அவன் விளையாடுவதை ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும் என்பதுதான் அவள் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

கண் மருத்துவரும் பழைய படங்களைத்தான் முதலில் கேட்டார். இடது கண்ணை அசைக்கும் தசைகளில் ஒன்று பிறவியிலேயே பலவீனம். சின்ன வயதில் தலையைச் சாய்த்தே உடம்பு அதைச் சமாளித்துவிட்டது. நாற்பதை நெருங்க நெருங்க அந்தச் சமாளிப்பு தளர்கிறது, கீழே குனிந்து பார்க்கும்போதுதான் தொந்தரவு அதிகம் என்று விளக்கினார். இரண்டு உருவத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் பட்டகக் கண்ணாடி ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் ரேடியோ வீட்டுக்கு வந்தபோது மேசை மேல் சாப்பாட்டுத் தட்டுக்குப் பதில் கல்யாணப் படம் இருந்தது.

"நீங்க அன்னிக்குச் சொன்னது தப்பு" என்றாள் அக்கா.

"என்ன தப்பு? தலை சாய்ஞ்சுது. பந்து உள்ள போகல. உள்ளதைத்தானே சொன்னேன்?"

"சாய்ஞ்சது பயத்துல இல்ல. அவன் கண்ணு அப்படி." நடந்ததை எல்லாம் சொன்னாள்.

ரேடியோ படத்தைக் கையில் எடுத்தார். மாப்பிள்ளைக் கோலத்தில் அவர், பக்கத்தில் அக்கா, பின்னால் ஒரு தலை உயரமாக, வலது பக்கம் சாய்ந்துகொண்டு குச்சி. விளக்கடிக்குக் கொண்டுபோய்த் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"ஏழு வருஷம் பக்கத்துக் கட்டில்ல படுத்தேன்" என்றார் கடைசியில். "அவன் பல்லைக் கடிச்சா எந்தப் பக்கத்துப் பல்லுன்னு சொல்வேன். இது தெரியாமப் போச்சே." படத்தைக் கீழே வைத்தார். "இப்பவே போய்ப் பேசிட்டு வரட்டா?"

"வேண்டாம். எங்க உட்கார்ந்து சொன்னீங்களோ, அங்க உட்கார்ந்து சொல்லுங்க."

ரேடியோ யோசித்தார். "கண்ணு விஷயத்தை நானா எப்படி வெளிய சொல்றது? உன் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேளு."

அக்கா மறுபடி தபால்காரியானாள். பதில் வந்தது: "சொல்லிக்கட்டும். ஆனா அழுமூஞ்சியாச் சொல்ல வேண்டாம்னு சொல்லு."

இரண்டு மாதம் குச்சி புதுக் கண்ணாடியோடு பயிற்சி எடுத்தார். ஆரம்பத்தில் ஆட்டம் இன்னும் மோசமாயிற்று. இத்தனை நாள் இரண்டு பந்துக்கு நடுவே கணக்குப் போட்டுப் பழகிய கை, ஒரே பந்தைப் பார்த்ததும் தடுமாறியது. அவருடைய மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவர் ஒருவர் உண்டு. அந்தத் தொழிலுக்குக் கேடி என்று பெயர், அவரோ அதற்கு நேர்மாறாகப் பரம சாது. "பந்தைத் தேடறதை நிறுத்துங்க. அதுவே அங்கதான் இருக்கு" என்று ஒரு நாள் அவர் அலுத்துக்கொண்ட பிறகுதான் கை கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது.

போட்டி வந்தது. முதல் நாள் சுமார், இரண்டாம் நாள் வெளியேற்றத்திலிருந்து தலை தப்பியது, மூன்றாம் நாள் பரவாயில்லை. கடைசி நாள் ஒன்பதாவது குழியில் குச்சி குனிந்தபோது பந்துக்கும் குழிக்கும் நடுவே ஐந்தடி இருந்தது. கேமரா அவர் முகத்துக்கு வந்தது. தலை நேராக இருந்தது. கண்ணாடி அறையில் ரேடியோ தொண்டையைச் செருமினார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே நாற்காலியில உட்கார்ந்து இவரைப் பத்தி ஒண்ணு சொன்னேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தலை சாய்ஞ்சதைச் சரியாத்தான் பார்த்தேன். அதுக்குக் காரணம்னு நான் சொன்னது தப்பு. இவருக்குப் பிறவியிலேயே கண்ணுல ஒரு சிக்கல். குனிஞ்சா பந்து ரெண்டாத் தெரியும்."

காதுக் கருவியில் தயாரிப்பாளர், "நேரம் போகுது, பத்தாவது குழிக்கு வாங்க" என்றார். ரேடியோ கருவியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"ரெண்டு பந்தை வச்சுக்கிட்டு அந்த வருஷம் இவர் ஆறு தடவை முதல் பத்து இடத்துக்குள்ள வந்தார். நான் ஒரே பந்தை வச்சுக்கிட்டு ஆடின காலத்துல ஒரு தடவைகூட வந்ததில்ல. இவர் மனசு எங்கயும் ஓடிப்போகல. எனக்குத்தான் பார்க்கத் தெரியல. மன்னிச்சுக்கோ மச்சான்."

குச்சி அடித்தார். பந்து குழியின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்து நின்றது.

ரேடியோ மூச்சை இழுத்து விட்டார். "கொஞ்சம் வேகமா அடிச்சுட்டார். அவ்வளவுதான்."

குச்சி பதினேழாவது இடத்தில் முடித்தார். புள்ளிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, காலணியில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டே போனை எடுத்தார். அக்கா ஒன்பதாவது குழிப் பேச்சைப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். கூட ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு தடவை கேட்டார். சட்டைப் பைக்குள் போனைப் போட்டார். மறுபடி எடுத்து இன்னொரு தடவை கேட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு, பேட்டி எடுக்கும் பக்கம் நடந்தார். ரேடியோ அங்கே மைக்கோடு நின்றிருந்தார். குச்சி இந்தப் பக்கம் வருவாரா, வேறு வழியாகப் போவாரா என்று ரேடியோவுக்குத் தெரியவில்லை.

குச்சி நேராக வந்து முன்னால் நின்றார். நேரலை ஓடிக்கொண்டிருந்தது.

"வணக்கம்" என்றார் ரேடியோ, சபை மரியாதையோடு. "புதுக் கண்ணாடி எப்படி இருக்கு?"

"பந்து ஒண்ணாத் தெரியுது. நீங்களும் ஒண்ணாத்தான் தெரியறீங்க மாமா. ரெண்டாத் தெரிஞ்சா நாடு தாங்காது."

ரேடியோ சிரிக்கப் பார்த்தார். அடுத்த கேள்வி வரவில்லை. "மாமா" என்று அவர் காதில் விழுந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மைக்கைப் பிடித்த கை கீழே இறங்கியது. குச்சி அதை வாங்கிக்கொண்டார்.

"சரி, நான் கேக்கறேன். ஒன்பதாவது குழியில வேகமா அடிச்சேன்னு சொன்னீங்களே, எதை வச்சு அப்படிச் சொன்னீங்க?"

ரேடியோவுக்குக் குரல் திரும்பிவிட்டது. "வேகம்தான். அந்த இடத்துல சரிவு இருக்கு."

"சரிவே இல்ல. நான் முட்டி போட்டுப் பார்த்தேன்."

"நான் மேலேர்ந்து பார்த்தேன்."

"மேலேர்ந்து எப்படித் தெரியும்? கீழ இறங்கி வந்து காலை வச்சுப் பாருங்க."

"ஏய், அந்தக் குழியில நான் பதினோரு வருஷம் ஆடியிருக்கேன்."

"ஆடி? ஒரு தடவையாவது உள்ள போச்சா?"

ஊரின் இன்னொரு கோடியில், கடையில் போட்டிருந்த டிவியின் முன்னால் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண் சோதிக்க வந்த பெண்மணி, "யாரு இவங்க, இப்படிச் சண்டை போடறாங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டும் நம்ம வீட்டு ஆளுங்கதான்" என்றாள் அக்கா. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கொஞ்சம் இருங்க, இதை முழுசாப் பார்த்துட்டு வரேன்."

முழுசாகப் பார்க்க முடியவில்லை. தயாரிப்பாளர் விளம்பரத்துக்குப் போய்விட்டார். அது தெரியாமல் அவர்கள் இரண்டு பேரும் ஒன்பதாவது குழியை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள், மைக் இன்னும் குச்சியின் கையில், அதன் கம்பி எட்டும் வரைக்கும். கம்பி இழுத்ததும் மைக்கைப் புல்லில் வைத்துவிட்டு மேலே நடந்தார்கள். கேடி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டீ குடிக்கப் போனார்.