இடம் மாறிய மச்சம்

என் வலது புறங்கையில் இப்போது ஒரு மச்சம் இருக்கிறது. செருப்புப் பட்டறை இயந்திரம் உரித்துப் போட்ட இடத்தை மூட, தொடையிலிருந்து தோலும் சதையுமாக எடுத்து, ரத்தக்குழாயை இணைத்துத் தைத்தார்கள். மச்சமும் கூடவே வந்துவிட்டது. என் கணவன் சோங்லினுக்கு மட்டுமே தெரிந்த மச்சம்.

இத்தாலியிலிருந்து கைப்பேசியில் பார்த்தபோது அவன் கண் அதில்தான் விழுந்தது.

"ஏய், அது என் மச்சமாச்சே."

"இனிமே வென்ஜோ ஊருக்கே பொது."

சிரித்தான். பிறகு தையல் பட்டறையில் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டான். புத்தாண்டுக்கு வந்து போனவன். இனி அடுத்த புத்தாண்டுக்குத்தான்.

ஒட்டிய தோலின் ஓரம் கறுக்கத் தொடங்கியதும் மூலிகைப் பிரிவிலிருந்து டாக்டர் ஷியாங் வந்தார். எங்கள் வைத்தியத்தில் நாடி பார்க்க ஆண்களுக்கு இடது கை, பெண்களுக்கு வலது. என் வலது கையோ கட்டுக்குள், சூட்டு விளக்கின் அடியில் கிடந்தது.

"சரி, இடதையே குடு. ஆம்பள நாடின்னு நெனச்சுக்கறேன்" என்றார். நெடுநேரம் பிடித்திருந்தார். "ரத்தம் தேங்கி நிக்குது. குசும்பாப்பூ சேத்துக் கஷாயம் தரேன், நகத்திவிடும். கடைசியா எப்போ தூரமான?"

தள்ளிப் போயிருந்தது. விபத்தன்று எடுத்த கர்ப்பச் சோதனையில் ஒன்றும் இல்லை. அப்போது அது ரொம்பச் சீக்கிரம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். தள்ளிப் போனதைச் சொன்னால் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். இல்லை என்று வந்துவிட்டால் என்னிடம் மிச்சம் எதுவும் இருக்காது.

"போன வாரம், டாக்டரம்மா."

கஷாயப் பைகள் இளஞ்சூட்டோடு வந்தன. ஒவ்வொன்றையும் இழுப்பறையில் போட்டேன். குசும்பாப்பூ வயிற்றில் இருப்பதைக் கலைத்துவிடும் என்று எங்கள் ஊரில் சின்னப் பெண்களுக்கும் தெரியும். காலையில் தாதி பஞ்சுக்குச்சியால் தோலை அழுத்துவாள். வெளுத்த இடம் சிவக்கக் காத்திருப்பாள். ஓரத்தில் சிவப்பு திரும்பவே இல்லை. கையா, அதுவா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கட்டில் கே அக்கா, போன கட்டை விரலுக்குப் பதிலாகக் கால் விரலை வைத்துத் தைத்துக்கொண்டவள், விரால் மீன் சூப்பை எனக்கும் ஊற்றிக் கொடுக்க இழுப்பறையில் கரண்டி தேடினாள்.

"என்னடி இது, கடையா வெச்சிருக்க? கசக்குதுன்னு ஒளிச்சியா?"

நான் இடது கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள்.

"எத்தன வருஷமா காத்திருக்க?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து, அக்கா."

"டாக்டரம்மாகிட்ட சொல்லிடு. வேற மருந்து குடுப்பாங்க."

"நாளைக்குச் சொல்றேன்."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை கழிப்பறையில் உள்ளாடையில் ரத்தம் பார்த்தேன். இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஏதோ ஒரு அறையில் விளக்கை அணைத்ததுபோல் இருந்தது. அந்த அறையில் யாரும் குடியிருந்ததேயில்லை.

டாக்டர் ஷியாங் வந்ததும் இழுப்பறையைத் திறந்து காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பைகளைப் பார்த்தபடியே இருந்தார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, பொண்ணே."

"சொன்னா சோதிப்பீங்க."

கையின் கட்டை அவிழ்த்து, குனிந்து பார்த்தார்.

"இந்த ஓரம் போயிடுச்சு, வெட்டணும். மச்சம் இருக்கிற பக்கம் பொழைக்கும். தூரம் நிக்கட்டும், அப்புறம் புதுசாக் காய்ச்சி அனுப்பறேன். அதையாவது குடி."

அவர் போன பின் இடது கை விரலால் மச்சத்தைத் தொட்டேன். தோல் வெதுவெதுப்பாக இருந்தது விரலுக்குத் தெரிந்தது. தோலுக்கு என் விரல் தெரியவில்லை. நரம்பு வளர நாளாகும் என்றிருந்தார்கள்.

கைப்பேசி அடித்தது. சோங்லின்.

"என் மச்சம் எப்படி இருக்கு?"

"இருக்கு," என்றேன். "எப்போ வர?"