ரிப்போர்ட்டில் ஒன்பது

ஒன்பது என்றால் குறைவுதான். ஆனால் இந்த மனிதனுக்கும் அது குறைவா? போன வருஷம் இதைக் கேட்காமல் இருந்துவிட்டேனே.

ரத்தத்தில் மருந்தின் அளவைக் காட்டும் ரிப்போர்ட்டை ஜான்சி மடித்தாள். கேரளத்துப் பாலா ஊரில் இந்த ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்து பதினேழு வருஷம். ஆறாம் கட்டிலில் அவுசேப்பு, கள்ளுக் குடித்தே கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவன். வலிப்புக்காகப் பெனிட்டாயின் மருந்து கொடுத்துவந்தார்கள். காலையிலிருந்து கால் தள்ளாடியது, நாக்கு குழறியது, கஞ்சிக் கரண்டி வாய்க்குப் போகாமல் தாடையில் இடித்தது. அவுசேப்பு அச்சாயனைப் பார்க்கக் கள்ளு ஷாப்பே நேரில் வந்துட்டுப் போயிருக்கு என்றார் பக்கத்துக் கட்டில்காரர். வார்டே சிரித்தது. மனைவி த்ரேஸ்யா தலையணைக்கடியில் பாட்டில் தேடினாள். கிடைத்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பாள், கிடைக்காததால் அழுதாள்.

டாக்டர் ஷிபின், பத்திலிருந்து இருபது வரை இருக்க வேண்டிய மருந்து பத்துக்குக் கீழே போய்விட்டது, ஊசியில் கூடுதலாக ஏற்று என்று எழுதிவிட்டார். சிரிஞ்சும் நிரப்பியாகிவிட்டது.

ஜான்சி மற்றொரு தாளையும் பார்த்தாள். அல்புமின் ஒன்றரை, மூன்றரைக்கு மேல் இருக்க வேண்டியது. கல்லீரல் செய்யும் புரதம் அது. மருந்தில் பெரும்பகுதி அதைப் பற்றிக்கொண்டு ரத்தத்தில் சும்மா சுற்றும். பற்ற இடமில்லாமல் மிஞ்சுவதுதான் மூளையில் வேலை செய்யும். இரண்டையும் சேர்த்துத்தான் இந்த ஒன்பது. அல்புமின் இவ்வளவு குறைந்தவனுக்கு மிஞ்சுவதே அதிகம், அவனுடைய ஒன்பது இருபதைத் தாண்டியதற்குச் சமம். போன வருஷம் ஒரு பெண்ணுக்கு, இதே போன்ற எண்ணைப் பார்த்து, எழுதியபடி ஊசி போட்டாள். அந்தப் பெண் பிறகு கண் திறக்கவில்லை. யாரும் ஜான்சியைக் குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் ஆறவில்லை.

விரலைப் பக்கவாட்டில் நகர்த்தி, அதையே பார்க்கச் சொன்னாள். அவுசேப்பின் கருவிழிகள் துடித்துத் துடித்து நகர்ந்தன.

"குடிச்சவன் கண்ணு அப்படித்தான் இருக்கும் சிஸ்டரே," என்றார் டாக்டர்.

"குடி இல்ல சாரே, மருந்து ஏறிப்போச்சு. அல்புமினப் பாத்தீங்களா?"

"ஒன்பது எப்படி ஏறுனதாகும்? இனி உங்ககிட்டதான் படிக்கணும் போல. இவனுக்கு வலிப்பு வந்தா உங்க பேரை எழுதட்டுமா?"

வரவும் கூடும். அது அவளுக்குத் தெரியாததல்ல.

"போடு மோளே," என்று மகளிடம் கெஞ்சுவதுபோல் த்ரேஸ்யா அவள் கையைப் பிடித்தாள். "டாக்டரே சொல்றாருல்ல."

ஜான்சி அந்தக் கையை மெல்ல விலக்கினாள். நிரப்பிய சிரிஞ்சைத் தட்டில் வைத்து, தட்டை டாக்டர் பக்கம் நகர்த்தினாள்.

"என் பேரை எழுதிக்கோங்க சாரே. நான் போடல."