பாதியை அணைக்க வழியில்லை

என் மாமனார் இதுவரை எதற்கும் ஐந்து நட்சத்திரம் கொடுத்ததில்லை. இணையத்தில் எதை வாங்கினாலும், அது செருப்போ சீப்போ, கொஞ்ச நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு 'வாங்கியவர் அனுபவம்' என்ற இடத்தில் தன் தீர்ப்பை எழுதாமல் விடமாட்டார். குடைக்கு மூன்று. காலுறைக்கு இரண்டு. அவர் பிறந்தநாளுக்கு நான் வாங்கித் தந்த ஃபிளாஸ்க்குக்கு நான்கு கொடுத்தார், அதுவும் நான் பக்கத்தில் நின்றதால். "அஞ்சு குடுத்துட்டா அப்புறம் அது ஒழுங்கா உழைக்குமா? மெத்தனம் வந்துடும்மா," என்பார். ஃபிளாஸ்க்குக்கு எப்படி மெத்தனம் வரும் என்று கேட்டால் அதன் மூடியைத் திருகிப் பார்ப்பார்.

பல்பு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு பல்பையும் காதோரம் ஆட்டிப் பார்த்து, எரியவிட்டுப் பார்த்து, முத்திரை குத்தி அனுப்பியவர். வேலை விட்டும் பழக்கம் விடவில்லை. வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் முதலில் அவர் காதுக்குத்தான் போகும்.

வீட்டில் நாங்கள் இருவர்தான். அவருடைய ஒரே பிள்ளை, என் கணவர், காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நான்கு வருடம் ஆகிறது. இனி நீ எங்கே இருக்கப்போகிறாய் என்று ஆளாளுக்கு என்னைக் கேட்டார்கள். மாமா மட்டும் கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப்போன மறுநாள் காலை, இரண்டு டம்ளரில் காபி போட்டுக் கொண்டுவந்து ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு நான் இங்கேயே இருந்துவிட்டேன்.

சமையலறை அலமாரிகள் செய்து தரும் ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வரைபடம் போடுவது என் வேலை. ஒரு சுவர் நெடுக எத்தனை கதவு, எத்தனை இழுப்பறை, எது எந்தப் பக்கம் திறக்கும் என்று வரைய வேண்டும். பழைய மானிட்டரில் முழுச் சுவரும் ஒரே பார்வையில் தெரியாது. இடது மூலையைப் பார்த்தால் வலது மூலை மறைந்துவிடும். அப்படித்தான் ஒரு வீட்டில் பிரிட்ஜ் கதவும் அலமாரிக் கதவும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்படி வரைந்து வைத்து, வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனாலும் அந்த மானிட்டரை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அது என் கணவர் வாங்கியது.

ஒருநாள் அது தானாகவே பச்சைக் கோடு ஒன்றைப் போட்டுவிட்டு அணைந்தது. நான் அழுதேன். மாமா அதன் முதுகில் தட்டி, காதை வைத்துக் கேட்டார். "இதுல ஒண்ணும் இல்லம்மா. விட்டுடு," என்றார். சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனவர் குழாயைத் திறந்துவிட்டார். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

புது மானிட்டர் தேடும் படலம் தொடங்கியது. அகலமானதாக வேண்டும் என்று ஒன்றைக் காட்டினேன். மாமா கைபேசியை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, அந்த அகல மானிட்டரை வாங்கியவர்களின் அனுபவங்களை எனக்கு வாசித்துக் காட்டினார். குறை சொன்னவர்களை முதலில்.

"'ஓரத்தில் இருப்பதைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியிருக்கிறது. ஒரு நட்சத்திரம்.' தலையை வேற எதுக்கு வெச்சிருக்கானாம் இவன்?"

"விடுங்க மாமா. அடுத்தது படிங்க."

"'பெட்டி மிக நன்றாக இருந்தது. இன்னும் பிரிக்கவில்லை. ஐந்து நட்சத்திரம்.' இந்த ஆளை எங்க பேக்டரில விட்டிருந்தா ஊரே இருட்டுல உட்கார்ந்திருக்கும்."

கடைசியில் ஒன்று வந்தது. 'இரண்டு கணினியின் படத்தையும் பாதிப் பாதியாகக் காட்டுகிறது. நானும் என் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறோம். சண்டை குறைந்திருக்கிறது.' மாமா அதைத் தனக்குள் இன்னொரு முறை படித்தார். "புளுகு," என்றார். ஆனால் அதைத்தான் வாங்கினோம்.

வந்த அன்றே பிரித்துத் தட்டிப் பார்த்து மேஜையில் நிறுத்தியாயிற்று. இடது பாதி எனக்கு, என் அலுவலகக் கணினியோடு. வலது பாதி மாமாவுக்கு, வீட்டிலிருந்த பழைய கணினியோடு. அவர் பக்கத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு பெரிதாக இருக்கும். செய்தி படிப்பார், கண்ணுக்குத் தெரியாத எவரோடோ செஸ் ஆடித் தோற்பார், தோற்றால் மௌஸைக் குறை சொல்வார். நான் வரைந்துகொண்டிருப்பேன். நடுவில், "அந்த இழுப்பறைக்குக் கைப்பிடி எங்க?" என்று எட்டிப் பார்ப்பார். "உங்க பாதியைப் பாருங்க மாமா," என்பேன் நான். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது அவருக்குத் தெரியும். அதற்காகவே கேட்பார்.

எங்கள் நிறுவனத்தில் ஒருவர் வீடு வீடாகப் போய் அடுக்களைகளை அளந்து எனக்கு அனுப்புவார். அலுவலகத்தில் எல்லோரும் அவரை அளவுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எண்கள் மட்டும் வரும், அவ்வளவுதான் பழக்கம். ஒருமுறை ஒரு வீட்டில் மிகவும் குட்டையான ஒரு அம்மாவைச் சுவரோரம் நிற்கவைத்து, கையைத் தூக்கச் சொல்லி, அது எட்டும் உயரத்தையும் அளந்து அனுப்பியிருந்தார். 'மேல் அடுக்கை இதற்குக் கீழே இறக்குங்க. இல்லாட்டி அவங்க நாற்காலி போட்டு ஏறுவாங்க' என்று எழுதியிருந்தார். யாரும் அவரை அதையெல்லாம் அளக்கச் சொல்லவில்லை. அன்றுதான் அந்த மனிதரை நான் கவனித்தேன்.

பிறகு எண்களோடு எழுத்துகளும் வரத் தொடங்கின. திரையின் என் பாதியில், கீழே ஓரமாக ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அவருடைய முதல் கல்யாணம் நிலைக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். நானும் என்னைப் பற்றிச் சொன்னேன். பல மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் அவர் எழுதினார்: 'ஒரு புது வீடு. எனக்குத்தான். அடுக்களையை நீங்களே வரைஞ்சா நல்லா இருக்கும். கை எட்டற உயரம் உங்களோடதா இருக்கணும். அனுப்புங்க.'

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சந்தோஷமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. ஒரே ஒரு எண்ணை அனுப்பினால் போதும். ஆனால் அதை அனுப்பிவிட்டால் வலது பாதியில் உட்கார்ந்திருப்பவர் என்ன ஆவார்? பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நின்றவரிடம் போய், நானும் கிளம்புகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? தினமும் காலையில் சொல்லிவிடலாம் என்று உட்காருவேன். அவர் காபியை என் பக்கம் நகர்த்துவார். சொல்ல வந்ததையும் காபியோடு விழுங்கிவிட்டு வேலையைத் தொடங்குவேன்.

இந்தச் சமயம் பார்த்து மாமா ஒரு புது எரிச்சலைக் கிளப்பினார். அடிக்கடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சட்டை நுனியால், கிறீச் கிறீச்சென்று, நிதானமாக. துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளமாட்டார். கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று பயந்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். "இந்த வயசுக்கு இவரு கண்ணு அருமையா இருக்கு," என்றார் டாக்டர். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மானிட்டர் விற்ற கடையிலிருந்து மெயில் மேல் மெயில் வந்துகொண்டிருந்தது. 'உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்.' மற்றதற்கெல்லாம் முந்திக்கொள்பவர், இதற்கு மட்டும் இன்னும் பார்க்கணும், இன்னும் பார்க்கணும் என்று இழுத்தடித்தார். ஒருநாள் காலை தானாகவே, "எழுதிடலாம்மா, வா," என்றார். அவருக்கு ஒற்றை விரல் தட்டச்சு. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டுவேன். அவருடைய கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"முதல்ல நல்லது. படம் தெளிவா இருக்கு. எழுத்தைப் பெருசாக்கினாலும் உடையலை. தட்டினா நல்ல சத்தம் வருது."

"இதுல தட்டறதை எல்லாம் எழுத வேண்டாம் மாமா."

"எழுது. வாங்கறவனுக்குத் தெரியணும். அடுத்து குறை." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பக்கத்துல இருக்கறவங்க என்ன எழுதறாங்கன்னு தெரிஞ்சு தொலைக்குது. கண்ணாடியைக் கழட்டிட்டா தெரியாது."

'கண்ணாடியை' வரை தட்டிவிட்டேன். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. கிறீச் கிறீச்சென்ற அந்தச் சத்தம் எப்போதெல்லாம் கேட்டது என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஓரத்தில் அந்தச் சின்னப் பெட்டி திறந்த போதெல்லாம் கேட்டிருக்கிறது. நான் மாமாவைக் கண் டாக்டர் முன்னால் உட்காரவைத்திருக்கிறேன். எனக்கு முகம் பற்றி எரிந்தது.

"எப்பலேருந்து தெரியும் மாமா?"

"ஒரே ஒரு வரிதான்மா பார்த்தேன். சத்தியமா. 'சாப்பிட்டாச்சா'ன்னு கேட்டிருந்தான். அலமாரி அளவு அனுப்பறவன் எதுக்கு சாப்பிட்டாச்சான்னு கேக்கணும்? அதுக்கப்புறம் பெட்டி திறந்தாலே கழட்டிடுவேன்."

"நான் உங்ககிட்ட சொல்லாம..."

"நீ எப்ப சொல்லுவேன்னுதான் இந்த அனுபவத்தை எழுதாம வெச்சிருந்தேன். நீ சொல்ற வழியாத் தெரியலை. அதான் நானே சொல்லிட்டேன்." திரையின் நடுக்கோட்டை விரலால் தடவினார். "இன்னொரு குறை இருக்கு. அதையும் எழுது. ஒருத்தர் மட்டும் உட்காரும்போது, பாதியை அணைச்சு வைக்க வழியில்லை."

நான் எழுதவில்லை. அழுகையை அடக்க முடியவில்லை. மாமா என் தலையில் கையை வைத்து ஒரு பல்பைத் தொடுவது போல மெதுவாகத் தட்டினார்.

"நான் போகலை மாமா. உங்களை விட்டுட்டு எங்கேயும் போகலை."

"அடி அசடே. எனக்காக நீ இங்க உட்கார்ந்துட்டா, அந்தக் கணக்கை நான் எங்க போய்த் தீர்ப்பேன்? அவன் இருந்தா என்னைத் திட்டுவான்." பிள்ளையைப் பற்றி அவர் வாய் திறந்து சொன்னது ரொம்ப நாளைக்கு அப்புறம் அதுதான். "உன் வேலை இங்கேதானே இருக்கு? காலைல அங்க போயிட்டு வரேன்னு சொல்லிட்டு இங்க வா. சாயங்காலம் இங்க போயிட்டு வரேன்னு சொல்லிட்டு அங்க போ. யார்கிட்டயும் போறேன்னு மட்டும் சொல்லாதே. அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அளவுக்காரர் என் கை எட்டும் உயரத்தைக் கேட்டிருப்பதை அப்போதுதான் சொன்னேன். மாமா ஒரு கணம் யோசித்தார். பிறகு அவர் முகத்தில் பழைய சோதனைப் பிரிவுக்காரர் எட்டிப் பார்த்தார். இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எழுந்து நில்லு. குதிகால் சுவர்ல படணும். கையை நல்லா தூக்கு. எக்கக் கூடாது, எக்கினா அளவு தப்பிடும்."

கண்ணாடியை மூக்கில் அழுத்திக்கொண்டு, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, இரண்டு தடவை அளந்தார். இரண்டாவது தடவையும் அதே எண் வந்த பிறகுதான் சொன்னார். நான் உட்கார்ந்து அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்து, எண்ணைத் தட்டி அனுப்பினேன்.

மாமா மறுபடியும் தன் நாற்காலியில் உட்கார்ந்து மானிட்டர் விஷயத்துக்குத் திரும்பினார். "நாலு நட்சத்திரம் போடு," என்றார். "ரெண்டு குறை சொல்லியும் நாலு. என் மனசு பெருசு."

போட்டேன். அப்போது என் பாதியில் பதில் வந்து விழுந்தது. மாமாவின் கை தானாகக் கண்ணாடிக்குப் போயிற்று.

"கழட்டாதீங்க மாமா," என்றேன். "பாருங்க."

தயங்கினார். பிறகு முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து, உதட்டை அசைத்து மெல்லப் படித்தார். 'ரொம்ப சந்தோஷம். மாமாவோட கை எட்டற உயரத்தையும் அனுப்புங்க. அவர் வரும்போது காபித்தூள் டப்பா அவருக்கும் எட்டணும்.'

படித்து முடித்தும் அவர் பின்னால் சாயவில்லை. திரைக்குக் கிட்டேயே இருந்தார்.

"அந்த அஞ்சாவதையும் போட்டுடும்மா."

"மானிட்டருக்கா மாமா?"

மாமா டேப்பை என் கையில் கொடுத்துவிட்டு, குதிகால் சுவரில் படும்படி நின்று, கையை மேலே தூக்கினார்.